கல்வெட்டு பற்றிக் கேளுங்கள்: ஆடு, நாய், குடம், அப்புறம் அந்த நிழல்

கல்வெட்டு பற்றி எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்று வாய்விட்டுவிட்டேன். வந்த கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுக்கிறேன்.

கேள்வி: ஐயா, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். சாயங்காலம் நாலு மணிக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: கல்வெட்டுகளில் 'சாவா மூவாப் பேராடு' என்று வருகிறதே, சாகாத ஆடு என்றால் என்ன?

இப்படிக் கேளுங்கள், ராத்திரி முழுக்கப் பேசலாம். அந்தக் காலத்தில் கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையா விளக்கு, எரிய வேண்டும் என்று நினைத்தவர் ஆடு கொடுத்தார். பெரும்பாலும் 96, சில ஊர்களில் 90. அந்த மந்தையை ஓர் இடையர் பொறுப்பேற்பார். தினம் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்துவிட வேண்டும். கிழடு தட்டிய ஆடு செத்தால் குட்டியை வைத்து எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும். மேற்கொண்டு பெருகுவது அவர் பாடு. ஆக, ஆடுகள் மாறிக்கொண்டே இருக்கும், கணக்கில் மட்டும் 96 எப்போதும் 96. முதலைத் தொடாத வைப்பு நிதிதான், வட்டி நெய்யாக வருகிறது.

இதில் எனக்குப் பிடித்தது தஞ்சைக் கல்வெட்டுகள் தரும் விகிதம். ஒரு விளக்குக்கு 96 ஆடு, இல்லையென்றால் 48 பசு, இல்லையென்றால் 16 எருமை. ஓர் எருமை மூன்று பசுவுக்குச் சமம்! நெய்க் கணக்கு என்று வந்துவிட்டால் எருமைதான் ராணி.

கேள்வி: எங்கள் வயலில் சூலம் செதுக்கிய கல் நிற்கிறது. அடியில் புதையல் இருக்குமா?

இருக்காது. அது சூலக்கல், சிவன் கோயில் நிலத்தின் எல்லை. சக்கரம் இருந்தால் திருவாழிக்கல், பெருமாள் கோயில் நிலம். தோண்டாதீர்கள், நகர்த்தவும் செய்யாதீர்கள். இடம் மாறிய எல்லைக்கல்லை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது.

கேள்வி: எழுத்து மங்கலாக இருக்கிறது. கோலமாவு தடவிப் படம் எடுத்து அனுப்பட்டுமா?

வேண்டாம். மாவு, சுண்ணாம்பு, எண்ணெய், பெயின்ட், கம்பி பிரஷ் எதுவும் வேண்டாம். ராத்திரியில் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள், பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து தானாகத் தெரியும். ஒரு ஊரில் நான் மைப்படி (எழுத்தைத் தாளில் மையொற்றி எடுக்கும் நகல்) எடுக்கப் போனபோது, அதற்கு முந்தின வாரம்தான் கும்பாபிஷேகத்துக்காக மணல் பீய்ச்சிச் சுவரைச் 'சுத்தம்' செய்திருந்தார்கள். சுவர் பளபளவென்று இருந்தது. எழுத்துதான் இல்லை.

கேள்வி: நாய்க்கு நடுகல் உண்டா?

உண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூர். முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு. எருமைகளைக் காக்கப் போய் இறந்த வீரனுக்கான கல், பக்கத்தில் அவன் நாய். கோவிவன் என்ற அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்திருந்தது என்று எழுத்தே சொல்கிறது. பல்லவர் காலத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது, யோசித்துப் பாருங்கள். இந்தளூரிலும் அரசலாபுரத்திலும் சண்டைச் சேவல்களுக்கும் கல் நட்டிருக்கிறார்கள்.

கேள்வி: பெரிய கோயில் நிழல் விழாததற்கு அறிவியல் காரணம் என்ன?

விழுகிறது. மேலே பாருங்கள்.

கேள்வி: நியூசிலாந்தில் தமிழ் மணி கிடைத்தது உண்மையா?

உண்மை. 1836 வாக்கில் கொலென்சோ என்ற மிஷனரி, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது உடைந்த மணி. 'முகைய்யதீன் வக்குசு உடைய கப்பல் உடைய மணி' என்று தமிழில் எழுதியிருக்கிறது. இப்போது வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இதை வைத்து நியூசிலாந்தைக் கண்டுபிடித்தவர் தமிழர் என்று கிளம்பாதீர்கள். மணி கைமாறிக் கைமாறியும் போயிருக்கலாம்.

கேள்வி: உத்திரமேரூர்தானே உலகின் முதல் ஜனநாயகம்?

முதல் இல்லை. ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் விதிகளைச் சொல்லி, முதலாம் பராந்தகன் காலத்தில் 919இலும் 921இலும் அங்கே வெட்டிய இரண்டு கல்வெட்டுகளைத்தான் சொல்கிறீர்கள். ஏதென்ஸ் அதற்கு 1,300 ஆண்டுகளுக்கு மேல் முந்தியது. தவிர, அங்கே நடந்த குடவோலை என்பது ஓட்டு இல்லை, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு எடுக்கும் குலுக்கல்.

(இதற்குப் பிறகு மற்ற கேள்விகள் நின்றுபோயின.)

ஒருவர்: அது பிராமண ஊர். மற்றவருக்கு இடமே இல்லை. இதற்கு ஏன் பெருமை?

சரிதான். அது சதுர்வேதி மங்கலம். குடத்தில் பெயர் விழவே தகுதிகள் உண்டு: கால் வேலிக்கு (வேலி பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வயது, வேதப் பயிற்சி. பெண்கள் பேச்சே இல்லை.

இன்னொருவர்: ஏதென்ஸில் மட்டும் பெண்களுக்கும் அடிமைகளுக்கும் இடம் இருந்ததா? அங்கேயும் குலுக்கல்தானே?

அதுவும் சரி. அதனால்தான் 'முதல்' பட்டத்தை விட்டுவிட்டு வாசகத்தைப் படியுங்கள் என்கிறேன். வாரியம் என்ற ஊர்க் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது. அவன் மட்டுமா? சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன், மாமனார் என்று உறவு முழுக்க வெளியே. ஓலையை எடுப்பது உள்ளே இருப்பதை அறியாத ஒரு சிறுவன். அதை வாங்கும் மத்யஸ்தன், அதாவது நடுவர், 'அஞ்சு விரலும் அகல வைத்து உள்ளங்கையாலே' ஏற்க வேண்டும். இந்த வரி சும்மா எழுதப்பட்டிருக்காது. எவனோ விரலிடுக்கில் ஓலையை மாற்றியிருக்கிறான் என்பது என் ஊகம்!

மூன்றாமவர்: குடத்து ஓலை அகநானூற்றிலேயே இருக்கிறதே?

சபாஷ். 77ஆம் பாட்டு. கயிறு கட்டிய குடத்தின் முத்திரையை உடைத்து ஓலை எடுப்பவர்கள் அதில் உவமையாக வருகிறார்கள். உவமைக்கு ஆகும் அளவுக்குப் பழகிய காட்சி. சோழருக்குப் பல நூற்றாண்டு முன்னால்.

முதலாமவர்: அப்போ நாம்தான் முதல்!

போச்சுடா.

கேள்வி: நிழல் பற்றி ஒரு சந்தேகம்...

விமானம் கூம்பிப் போவதால் சில மாதங்களில் உச்சிவேளை நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். அவ்வளவுதான். சிகரமும் 80 டன் ஒற்றைக்கல் இல்லை, பல கற்களை இணைத்தது. அந்தக் கோயிலில் வியப்பு வேண்டுமென்றால் சுவரைப் பாருங்கள்: கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வரிசை), எத்தனையாவது வீடு, எல்லாம் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 100 கலம் நெல். இதைப் பற்றி இன்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கேள்வி: ஐயா, சாயங்காலம் விழுகிறது சரி. காலையில்?

காலையில் மேற்கே விழும், தம்பி.