ஊரில் அடிதடி குறைந்ததா? கேள்வி பதில்

மதுரை வட்டாரத்தில் சண்டை, வெட்டுக்குத்து, வீட்டு வன்முறை ஆகியவற்றைத் தடுக்க ஊர்மட்டத்தில் உழைக்கிறவர்கள், தங்கள் வேலை பலன் தந்ததா என்று தெரிந்துகொள்வது பற்றிக் கேட்டவை இவை.

அக்கா, எங்கள் தெருப் பசங்களோடு ஒரு வருஷமாகப் பேசி வருகிறோம். போன சித்திரைத் திருவிழாவில் இரண்டு கத்திக்குத்து, இந்தத் தடவை ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று அறிக்கையில் எழுதலாமா? (செல்லூர்)

அவசரப்படாதீர்கள் தம்பி. சண்டை முற்றிப்போன இடத்துக்குத்தான் நாம் போகிறோம். உச்சத்துக்குப் போனது, யாரும் தலையிடாவிட்டாலும் அடுத்த வருஷம் கொஞ்சம் இறங்கும். நான்கைந்து வருஷக் கணக்கை எடுங்கள். சித்திரையைச் சித்திரையோடும் தை மாதத்தைத் தை மாதத்தோடும் வைத்துப் பாருங்கள். உங்கள் தெரு மாதிரியே இருக்கிற, நீங்கள் போகாத இன்னொரு தெருவின் கணக்கும் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டனில் இளைஞர்களின் துப்பாக்கி வன்முறையைத் தடுக்க 1996-இல் தொடங்கிய திட்டத்துக்குப் பிறகு இளைஞர் கொலைகள் 63 சதவீதம் குறைந்தன. ஆனால் அதே காலத்தில் மற்ற நகரங்களிலும் கொலைகள் குறைந்துகொண்டிருந்தன. அதில் திட்டத்தின் பங்கு எவ்வளவு என்ற விவாதம் அதனால்தான் வந்தது.

பெண்கள் குழு ஆரம்பித்த பிறகு மகளிர் காவல் நிலையத்தில் புகார் கூடிவிட்டது. நிதி கொடுப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள். (மேலூர்)

நீங்கள் பயப்படவே வேண்டாம். இதுவரை வாய் திறக்காதவர்கள் இப்போது நம்பி வருகிறார்கள் என்றும் இதற்கு அர்த்தம் இருக்கலாம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்கள் நூறு பேரில் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். இதில் ஸ்டேஷன் வரை போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். அதனால் பெண்களிடமே கேளுங்கள்: கடந்த பன்னிரண்டு மாதத்தில் அடி விழுந்ததா? தனியாக வைத்து, பெண் பணியாளர்தான் கேட்க வேண்டும். ஒரு வீட்டில் ஒருவரிடம் மட்டும் கேட்டால் போதும். மாமியார் பக்கத்தில் இருந்தால் பேச்சை மாற்றிவிடுங்கள். நாம் கேள்வி கேட்டதற்காக ஒருத்திக்கு அடி விழுந்தால் அந்தக் கணக்கே நமக்கு வேண்டாம்.

உகாண்டாவின் கம்பாலாவில், பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஊர்மட்டத்தில் நடந்த 'சாசா' திட்டத்தை இப்படித்தான் சோதித்தார்கள். எட்டுப் பகுதிகளில் நான்கில் முதலில் தொடங்கினார்கள், மற்ற நான்கும் காத்திருந்தன. துணைவரின் உடல்ரீதியான வன்முறை, திட்டம் நடந்த பகுதிகளில் 52 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இருந்தது எட்டே பகுதி. எனவே தற்செயலாகவும் அப்படி அமைந்திருக்கலாம் என்ற சந்தேகம் முழுதாகத் தீரவில்லை. ஒரே ஊரை வைத்துப் பெரிதாகப் பேசுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போலீஸ் கணக்கை விட்டால் வேறு எங்கே போவது?

ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அடிபட்டவர் ஸ்டேஷனுக்குப் போகாமல் இருப்பார், தையல் போடப் போகாமல் இருக்க முடியாது. வேல்ஸின் கார்டிஃபில், எந்த இடத்தில், எதனால் தாக்கப்பட்டார் என்பதை அவசரப் பிரிவில் கேட்டு, பெயரை நீக்கிவிட்டுப் போலீசாருக்குக் கொடுத்தார்கள். அதே போன்ற மற்ற நகரங்களோடு ஒப்பிட்டபோது அங்கே காயங்கள் குறைந்தது தெரிந்தது. இங்கேயும் கேஷுவால்டியில், அடிபட்டு வருகிறவர்களைக் குறித்துவைக்கும் ஏ.ஆர். பதிவேடு (விபத்துப் பதிவேடு) இருக்கிறது. பெயர் இல்லாத மாத மொத்தத்தை மட்டும் எழுத்துமூலம் கேளுங்கள். போலீஸ் கணக்கும் எடுப்பீர்கள் என்றால் ஒரு எச்சரிக்கை: 2024 ஜூலை 1 முதல் சட்டப்பிரிவு எண்கள் மாறிவிட்டன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 307-ஐத் தேடினால் கொலை முயற்சியே ஒழிந்துவிட்ட மாதிரி தெரியும். புதிய பாரதிய நியாய சன்ஹிதா சட்டத்தில் அது இப்போது 109.

நாற்பது கூட்டம் நடத்தினோம், எல்லோரும் உறுதிமொழி எடுத்தார்கள். அது போதாதா? (உசிலம்பட்டி)

போதாது. உங்கள் பக்கத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியையே பாருங்கள். ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட பிறகு பத்து வருஷம் தேர்தல் நடக்காமல் போனது, நடந்தாலும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். 'தேர்தல் நடந்தது' என்று மட்டும் குறித்துவைத்தவருக்கு அந்த ராஜினாமா தெரிந்திருக்காது. 2006-இல்தான் முறையாக நடந்தது. அதன் பிறகும் தலைவர் நாற்காலியில் உட்கார முடிகிறதா, காசோலையில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறாரா என்பதையே பார்க்க வேண்டும்.

நல்ல எண்ணத்தோடு செய்வது கெடுதல் செய்யுமா மேடம்?

செய்யும். அமெரிக்காவில் 1939-இல், சிறுவர்களுக்கு வழிகாட்டி வைத்து உதவிய கேம்பிரிட்ஜ்-சோமர்வில் திட்டத்தைப் பல பத்தாண்டுகள் கழித்துச் சோதித்தபோது, உதவி பெற்றவர்களின் நிலைமை பெறாதவர்களைவிட மோசமாக இருந்தது. வழக்கு உள்ள பசங்களை ஒரே முகாமில் அடைத்தால் ஒருவரைப் பார்த்து ஒருவர் கெடவும் கூடும்; அதற்கு முன் இதை யோசியுங்கள்.

ஒப்பிட இன்னொரு ஊரை விட்டுவைப்பது அநியாயம் இல்லையா?

எல்லா ஊருக்கும் ஒரே நேரத்தில் போக உங்களிடம் ஆள் இல்லை அல்லவா? எது முதலில் என்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் திருவுளச்சீட்டு போடுங்கள். பின்னால் வரும் ஊரிலும் இன்றைக்கே கணக்கெடுப்பைத் தொடங்குங்கள்.