அந்தக் காசைப் புளியில் போடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்து டோங்காட்டில் தாத்தா வீட்டுக் கொல்லையில் மெட்டல் டிடெக்டர் காட்டிக்கொடுத்த, பச்சை பிடித்த செம்புக்காசைப் புளியில் ஊறவைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி, காசில் போட்டால் மேல்தோலோடு எழுத்தும் போய்விடும், அப்படி ஒன்றைப் பாழாக்கிவிட்டு இன்னும் வருந்துகிறேன். காய்ச்சி வடித்த நீரில் சில நாள் ஊறட்டும், தினமும் நீரை மாற்றுங்கள், அப்புறம் பல்குச்சியால் மண்ணை மட்டும் மெல்ல நெம்புங்கள். வழுவழுப்பான கரும்பச்சையை விட்டுவிடுங்கள், அது காசைக் காக்கும். வெளிர்பச்சைத் தூள் உதிர்ந்தால்தான் கவலை, உள்ளே உப்பு அரிக்கிறது, சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் ஈரம் படாமல் வையுங்கள்.

25 மில்லிமீட்டர், முடிசூடிய பெண் தலை என்கிறீர்களே, அது இந்தியக் காலணாவாக இருக்கலாம். தென்னாப்பிரிக்காவின் பழைய செம்புக்காசான க்ரூகர் பென்னி பெரியது, ஏறக்குறைய 31, அதில் தாடிக்காரரான அதிபர் க்ரூகர் இருப்பார். 'விக்டோரியா குயின்' என்றிருந்தால் 1862–1876 வகை, 'எம்ப்ரஸ்' என்றால் 1877க்குப் பின். 1860இல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்த பிறகு, கரும்புக்காட்டுக்கு வந்த யாரோ மடியில் முடிந்து கொண்டுவந்ததோ என்னவோ, நினைத்தாலே நெஞ்சு அடைக்கிறது.

இனித் தோண்டாதீர்கள். 1999ஆம் ஆண்டு மரபுவளச் சட்டப்படி மண்ணில் கிடக்கும் 100 ஆண்டு தாண்டிய பொருள் அரசுடையது, மாகாண மரபுரிமை அலுவலகத்தில் முதலில் சொல்லுங்கள்.