மாதம் 7,000 ரூபாய்க்குள் ஐந்து பேருக்குச் சத்தான சாப்பாடு சமைக்க முடியுமா?

இந்தக் கேள்வியைக் கேட்டவர் ஓட்ஸ், பனீர், பாதாம் என்று ஆரம்பிக்க வேண்டாம், நடைமுறையில் செய்வதை மட்டும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார். சரி, எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

முடியும், கிட்டத்தட்ட. போன மாதம் எங்களுக்கு 7,140 ரூபாய் ஆனது. ரேஷன் அரிசி இருப்பதால்தான் முடிகிறது. அரிசியையும் காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு உதைக்கும். கேஸ் செலவு இதில் சேராது.

நாங்கள் கடலூர் முதுநகர். வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். மாமியார், எட்டாவது படிக்கும் மகள், மூன்றாவது படிக்கும் மகன், நான். பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளி.

மூன்று வருஷம் முன்னால் ஒருநாள் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தேன், கண் இருட்டிக்கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று நர்ஸம்மா கேட்டார். நானும் பெருமையாக, "கீரை கடைஞ்சேன்க்கா, கருவாட்டுக் குழம்பு வெச்சேன், முட்டை அவிச்சேன்" என்றேன்.

"அதெல்லாம் நீ சமைச்சது. உன் தட்டுல என்ன இருந்துச்சு?"

யோசித்துப் பார்த்தேன். சோறு, குழம்புத் தண்ணி, ஊறுகாய். கீரை சட்டியில் ஒட்டியிருந்தது கொஞ்சம். முட்டை நான்குதான் அவித்திருந்தேன்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து யோசித்ததில் பிடிபட்டது இதுதான். கையில் காசு குறைந்தால் எங்கள் வீட்டில் சோறு குறையாது, ஏனென்றால் அரிசி சும்மா வருகிறது. குறைவது குழம்புக்குள் கிடக்கும் பருப்பும் காயும் மீனும். அந்தக் குறைச்சல் ஐந்து பேருக்கும் சமமாக வராது. கடைசியில் சாப்பிட உட்காருகிறவர் தட்டில்தான் மொத்தமாக விழும். அது பெரும்பாலும் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் நான் முதலில் கை வைத்தது அரிசியில். முன்பு மதியத்துக்கும் ராத்திரிக்கும் சேர்த்து ஆறு டம்ளர் போடுவேன். மாதம் 30 கிலோ ஆகிவிடும். ரேஷனில் வரும் 20 கிலோ போக 10 கிலோ வெளியே வாங்குவோம். ஒரேயடியாகக் குறைத்தால் வீட்டில் சண்டை வரும் என்று இரண்டு மாதத்தில் மெதுவாக நான்கு டம்ளருக்குக் கொண்டு வந்தேன். இப்போது சோற்றுக்கு ரேஷன் அரிசியே போதுகிறது. வெளி அரிசிக்குக் கொடுத்துக்கொண்டிருந்த 500 ரூபாய் அப்படியே பயறுக்கும் மல்லாட்டைக்கும் போகிறது. (வெளியூர்க்காரர்களுக்கு: மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடலூர், விழுப்புரம் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.)

ரேஷன் அரிசி பற்றி ஒன்று. அதில் அங்கங்கே கொஞ்சம் நிறம் மாறிய அரிசி கிடக்கும், ஊற வைத்தால் மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று மாமியார் முறத்தில் போட்டுப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தார். அது செறிவூட்டிய அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவத்திலேயே அழுத்தி எடுத்து, நூறுக்கு ஒன்று என்று கலந்தது. கழுவும்போது மிதக்கிறதே என்று தண்ணீரோடு கொட்டிவிடாதீர்கள். ரத்தம் இல்லாத நான் அதைத்தான் வருஷக்கணக்கில் சாக்கடையில் கொட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது மீன். கடலூரில் இருந்துகொண்டு மீன் விலை ஏறிப்போச்சு என்று சொல்பவர்கள் வஞ்சிரத்தையும் சங்கராவையும் வைத்துச் சொல்கிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் காலை ஆறரைக்கெல்லாம் துறைமுகத்தில் இருப்பேன். பெரிய மீனெல்லாம் ஏலத்தில் போய் ஐஸ் பெட்டியில் ஏறிவிடும். ஓரமாகத் தரையில் சாக்கு விரித்து அக்காக்கள் கூறு போட்டு வைத்திருப்பார்கள்: காரப்பொடி, கவலை (மத்தி வகை), நெத்திலி மாதிரி சின்ன மீன்கள், சில நாள் கானாங்கத்தை. நூறு ரூபாய்க்கு ஒரு கூறு வாங்கினால் எங்கள் வீட்டுக்குத் தாராளம். கண் கலங்காமல், செவுள் சிவப்பாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்வேன். எட்டு மணிக்கு மேல் போனால் வெயில் பட்டது கிடைக்கும், அதே விலைக்கு.

சின்ன மீனில் ஆகும் செலவு நேரம்தான். ஒரு கூறு காரப்பொடியை ஆய்ந்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆகும். கல்லுப்பு போட்டு மண்சட்டியில் உரசிக் கழுவினால் முழங்கை வரை வெள்ளி மாதிரி செதில் ஒட்டிக்கொள்ளும், சோப்புப் போட்டாலும் சாயங்காலம் வரை மினுக்கும். ஆனால் இந்தச் சின்ன மீனை முள்ளோடு மென்று தின்னலாம், சுண்ணாம்புச்சத்து அந்த முள்ளில்தான் இருக்கிறது. கவலையில் இருக்கும் எண்ணெய் இதயத்துக்கு நல்ல கொழுப்பு. அதைக் காசு கொடுத்து மாத்திரையாக விழுங்குபவர்கள் இருக்கிறார்கள்.

காரப்பொடிக் குழம்பில் ஒரு விஷயம்தான் முக்கியம். புளி, மிளகாய்த்தூள், சின்ன வெங்காயம், பூண்டு, மாங்காய் இருந்தால் இரண்டு கீற்று என்று குழம்பை முழுதாகக் கொதிக்கவிட்டு, பச்சை வாசனை போய் எண்ணெய் பிரிந்த பிறகுதான் மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி விடக்கூடாது. துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி வைத்தால் போதும். ஐந்து நிமிஷம். கரண்டி விட்டால் முள் சாம்பார்தான்.

அப்புறம், மீனை எண்ணி ஐந்து கிண்ணத்தில் எடுத்து வைத்துவிட்டுத்தான் யாரையும் சாப்பிடக் கூப்பிடுவேன். பிள்ளைகள் கிண்ணம் இரண்டும் மூடி போட்டு ராத்திரிக்கு இருக்கும். என் கிண்ணமும் அந்த வரிசையில் இருக்கும். முதல்நாள் மாமியார், "மீன எண்ணிப் போடுற வீட்ட எங்கயாவது பாத்திருக்கியா? கேக்கிறவங்க சிரிப்பாங்க" என்று வாசலில் போய் உட்கார்ந்துகொண்டார். இப்போது அவரேதான் எண்ணுகிறார். தன் கிண்ணத்திலிருந்து இரண்டை எடுத்துப் பேரன் கிண்ணத்தில் போடுவதற்கு வசதியாக இருக்கிறதாம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, சின்னப் படகில் வருவது மட்டும்தான், விலையும் ஏறிவிடும். அந்த இரண்டு மாதம் சென்னாக்குன்னியும் (காயவைத்த பொடி இறால்) நெத்திலிக் கருவாடும் ஓட்டும். கையளவு சென்னாக்குன்னியை வறுத்துப் பொடித்துச் சுரைக்காயில் போட்டால் ஒரு குடும்பத்துக்கு அது போதும். கருவாட்டில் நான் ஒரு தப்புச் செய்தேன். மலிவாக இருக்கிறதே என்று வாரம் மூன்று நாள் வைக்க, மாமியாருக்குப் பிரஷர் ஏறிவிட்டது. அவர் ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர், அதை நான் யோசிக்கவில்லை. இப்போது வாரம் ஒருநாள்தான். வெந்நீரில் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்பில் தனியாக உப்பே போடுவதில்லை. அவருக்கு அன்றைக்கு முட்டை.

நல்லவேளை, அதே மாதங்களில் பண்ருட்டிப் பலா வந்துவிடும். பழம் வாங்க வசதியில்லாவிட்டாலும் கொட்டை கூறு கட்டி விற்பார்கள். கத்திரிக்காய், முருங்கைக்காய், பலாக்கொட்டை மூன்றும் போட்ட குழம்பு எங்கள் ஊரில் பொழுதுக்கும் நடக்கும். செம்மண்ணில் புரட்டிக் காயவைத்தால் கொட்டை மழைக்காலம் வரை கெடாது.

பருப்பு. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், மாதம் ஒரு கிலோ. அது எங்களுக்குப் பத்து நாளைக்குத்தான். மீதி நாளுக்குத் துவரையையே வெளியில் வாங்கினால் கட்டாது. பச்சைப்பயறு, காராமணி, மொச்சை, கொண்டைக்கடலை என்று மாற்றிக்கொள்கிறேன். உளுந்து மட்டும் சித்திரையில். சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுத்த வயலில் விதைத்த உளுந்து அப்போது வரும், கருப்பு உளுந்து மலிவாகக் கிடைக்கும். முதல் வருஷம் ஐந்து கிலோ வாங்கி, காயவைக்காமல் டப்பாவில் கொட்டிவிட்டேன். ஆடியில் திறந்தால் பாதி வண்டு. இரண்டு நாள் நல்ல வெயிலில் போட்டு ஆறியபிறகு காய்ந்த மிளகாய் போட்டு மூட வேண்டும் என்று அப்புறம்தான் அம்மா சொன்னாள். முன்னாடியே சொல்லியிருக்கலாம்.

மல்லாட்டை எங்கள் வீட்டுப் பாதாம். 100 கிராம் மல்லாட்டையில் 25 கிராம் அளவுக்குப் புரதம். பாதாமில் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான். விலையோ பல மடங்கு குறைவு. பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் ஆளுக்குப் பத்து ரூபாய்க்கு பாக்கெட் வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். மாதம் 25 நாள் என்றால் 500 ரூபாய், எழுபது முட்டைக்கு மேல் வாங்கலாம். இப்போது நான்கு நாள் அவித்த மல்லாட்டை, சுண்டல். வெள்ளிக்கிழமை மட்டும் பாக்கெட் உண்டு. அதையும் நிறுத்தினால் வேறு வழியில் வாங்குவார்கள், என் பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பள்ளியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மகனுக்குக் காலை உணவுத் திட்டத்தில் டிபன் அங்கேயே. இருவருக்கும் மதியச் சாப்பாட்டில் முட்டை உண்டு. அதனால் பள்ளி நாட்களில் வீட்டு முட்டையைப் பெரியவர்கள் சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு இல்லையே என்ற குற்ற உணர்ச்சி வேண்டாம்.

காய்க்கு உழவர் சந்தை. மகளிருக்கு டவுன் பஸ் இலவசம் என்பதால் போகவரச் செலவில்லை. கடை கட்டும் நேரத்துக்குப் போனால் பலகையில் எழுதிய விலைக்கும் கீழே கொடுப்பார்கள். பரங்கி, சுரை, பீர்க்கு, வாழைத்தண்டு. கேரட், பீன்ஸ் விலை இறங்கினால் மட்டும்.

முருங்கைக்கீரை கொல்லையிலேயே இருக்கிறது. உருவ நேரமில்லை என்றுதான் பலபேர் விட்டுவிடுகிறார்கள். ராத்திரி கிளையோடு ஒடித்து வேட்டித் துணியில் இறுகச் சுற்றி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் உதறினால் இலை தானாகக் கொட்டும். காம்பை மட்டும் எடுத்துப் போட்டு, வறுத்து இடித்த மல்லாட்டைப் பொடி தூவிப் பொரியல். அடுப்பை அணைத்த பிறகு அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிவேன். எலுமிச்சையில் இருக்கும் வைட்டமின் சி கீரையின் இரும்பை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும், கொதிக்கவிட்டால் குறைந்துவிடும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கிற பழக்கத்தையும் நர்ஸம்மா விடச் சொன்னார். டீ அதே இரும்பைத் தடுக்குமாம். ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கிறேன். கீரையை விட்டிருப்பேன், டீயை விட மாட்டேன்.

எட்டு மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது 11.6. சாப்பாடு மட்டும் செய்ததல்ல, அங்கே கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துத்தான். உங்களுக்கு 8, 9 என்று இருந்தால் கீரையை நம்பி உட்காராதீர்கள், மாத்திரையை வாங்கிப் போடுங்கள்.

போன மாதக் கணக்கு தோராயமாக: காய், கீரை 1,600, மீன், கருவாடு 900, பயறு, மல்லாட்டை, உளுந்து 1,000, பால் 700, முட்டை இரண்டு அட்டை 370, கோழி ஒருமுறை 280, கடலை எண்ணெய் இரண்டு லிட்டர் 420. மீதி இட்லி அரிசி, கேழ்வரகு, மளிகை, வாழைப்பழம், ரேஷன் சாமான். ரேஷன் பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி இதயத்துக்கு ஆகாத கொழுப்பு என்பதால் அப்பளம், வடை மாதிரிப் பொரிப்பதற்கு மட்டும், ஒருமுறை காய்ந்ததைத் திரும்பக் காய்ச்சுவதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் வண்டிக்கு லோடு இருக்காது, 5,500-க்குள் ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது முதலில் போவது கோழி, அப்புறம் வெள்ளிக்கிழமை பாக்கெட், அப்புறம் எங்கள் இரண்டாவது டீயும் பாலில் பாதியும். காய்க்கு சந்தைப் பக்கமே போகாமல் கொல்லைக் கீரை, வீட்டுப் பரங்கி. வாரம் நான்கு ராத்திரி இட்லிக்குப் பதிலாகக் கேழ்வரகு அடை. கடலும் கொந்தளிப்பாக இருக்கும், மீனுக்குப் பதில் காராமணிக் குழம்பு. முட்டையை மட்டும் குறைப்பதில்லை. அரிசியை ஐந்தாவது டம்ளர் போட்டுவிடலாமா என்று கை ஒவ்வொரு வருஷமும் போகும். போன கார்த்திகையில் இரண்டு நாள் போட்டும்விட்டேன்.