யாரு லாங் லீவுல போவாங்கன்னு முன்னாடியே கண்டுபிடிக்க முடியுமா?

வாசகர் கேள்விகள்: ஃபேக்டரி டாக்டர் பதில் சொல்றார்

கேள்வி: டாக்டர், நான் அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில ஹெச்.ஆரா இருக்கேன். 180 பேர் வேலை பாக்குறாங்க. போன வருஷம் நாலு பேர் மாசக்கணக்குல மெடிக்கல் லீவுல போயிட்டாங்க, ப்ரொடக்‌ஷன் ரொம்ப அடி வாங்கிடுச்சு. இப்போ எங்க எம்.டி "அடுத்து யாரு போவாங்கன்னு ஒரு லிஸ்ட் போட்டுக் குடு"ங்குறார். லீவ் சாஃப்ட்வேர்ல பிராட்ஃபோர்ட்னு ஒரு ஸ்கோர் காட்டுது, அத வெச்சே போட்டுடலாமா?
- பெயர் வேண்டாம், சென்னை 58

பதில்: அத வெச்சுப் போடாதீங்க சார். அந்த ஸ்கோர் எப்படி வருதுன்னா, எத்தனை தடவ லீவ் எடுத்தாங்களோ அந்த எண்ண அதாலயே பெருக்கி, அப்புறம் மொத்த லீவ் நாளால பெருக்குவாங்க. டெங்கு வந்து ஒரே மூச்சா 10 நாள் படுத்தவருக்கு ஸ்கோர் 10 தான். மைக்ரேன் வந்து பத்து தடவ ஒவ்வொரு நாளா லீவ் போட்ட பொண்ணுக்கு 1000. திடீர் திடீர்னு ஆள் வராம போறதால ஷிஃப்ட் எவ்ளோ கலையுதுன்னு பாக்குறதுக்கான கணக்கு அது, யாருக்கு உடம்பு கெட்டுட்டு வருதுன்னு அதுக்குத் தெரியாது. முன்னாடி அடிக்கடி சிக் லீவ் எடுத்தவங்க பின்னாடி நீளமா எடுக்க வாய்ப்பு அதிகம்ங்கறது உண்மைதான், ஆனா ஏன் எடுத்தாங்கன்னு கேக்காம அந்த நம்பர மட்டும் எம்.டி டேபிள்ல வெச்சா கஷ்டப்படுறவங்களுக்குத்தான் முதல்ல மெமோ போகும்.

இதுக்குன்னே பல வருஷமா சோதிச்ச கேள்வித்தாள் இருக்கு. ஃபின்லாந்துல 1980கள்ல வேலைத்திறன் குறியீடுன்னு ஒண்ணு கொண்டுவந்தாங்க, 7 மார்க்குல இருந்து 49 வரைக்கும் போகும், 28க்குக் கீழ வந்தா உடனே கவனிக்கணும்னு அர்த்தம். அதுல முதல் கேள்வியே ரொம்ப நல்ல கேள்வி: "உங்க வாழ்க்கையில நீங்க பெஸ்ட்டா வேலை பாத்த காலத்துக்கு 10 மார்க்னா, இன்னைக்கு உங்களுக்கு எத்தனை?" வருஷாந்திர செக்கப்புல நான் இந்த ஒத்தக் கேள்விய கண்டிப்பா கேப்பேன். 8, 9ன்னு சட்டுனு சொல்லிட்டுப் போறவங்க ஒரு ரகம். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு 5ன்னு சொல்றவங்க இருக்காங்க பாருங்க, அவங்ககிட்ட உக்காந்து பேசணும்.

இடுப்பு வலி, கழுத்து வலிக்குன்னு ஸ்வீடன்ல ஓரெப்ரோங்கற ஊர் பேர்ல இன்னொரு கேள்வித்தாள் இருக்கு. அதோட சின்ன வடிவத்துல 10 கேள்விதான், மொத்தம் 100 மார்க், 50 தாண்டுனா ரிஸ்க் அதிகம். வலி எவ்ளோன்னு கேக்குறது அதுல கொஞ்சம்தான். ராத்திரி தூக்கம் வருதா, மனசு டென்ஷனா இருக்கா, இந்த வலியோட வழக்கமான வேலைய செய்யக்கூடாதுன்னு நினைக்கிறீங்களா, இன்னும் 3 மாசத்துல நீங்க உங்க வேலைல இருப்பீங்கன்னு உங்களுக்கே நம்பிக்கை இருக்கா, இந்த மாதிரி போகும். எம்.ஆர்.ஐ-ல டிஸ்க் பிதுங்கி இருக்குறது வலியே இல்லாதவங்ககிட்டயும் சர்வ சாதாரணம், அதனால ஸ்கேன மட்டும் பாத்து யாரு மாசக்கணக்குல படுப்பாங்கன்னு சொல்ல முடியாது. திரும்பி வருவோம்ங்கற நம்பிக்கை அவருக்கே இருக்கா இல்லையாங்கறதுதான் நிறைய விஷயத்த சொல்லிடும்.

ஒரு ஆள் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கார். ப்ரெஸ் ஷாப்ல வேலை, இடுப்பு வலி, வலி மார்க் 4 தான் போட்டிருந்தார், ஆனா 3 மாசக் கேள்விக்கு 10க்கு 1. ஏன்யா இப்படின்னு கேட்டா, "சூப்பர்வைசர் சொல்லிட்டார் சார், நூறு பர்சென்ட் ஃபிட்டுன்னா வா, அரைகுறையா வர்றதுன்னா வீட்லயே இரு"ன்னார். அவர் வேலை என்னன்னு லைன்ல போய்ப் பாத்தா தரையில இருக்குற ட்ரேய குனிஞ்சு தூக்கி டேபிள்ல வெக்கணும், ஷிஃப்ட் பூரா. ட்ரேய வெக்க இடுப்பு உயரத்துக்கு வெல்டிங் ஷாப்புலயே ஒரு ஸ்டாண்ட் அடிச்சுக் குடுத்தாங்க, முதல்ல ரெண்டு வாரம் அரை ஷிஃப்ட், அவ்ளோதான், மனுஷன் வேலைக்கு வந்துட்டார்.

இப்போ உங்க எம்.டி கேட்ட லிஸ்டுக்கு வர்றேன். ஒரு பேச்சுக்கு 100 பேர்ல 10 பேர் நிஜமாவே லாங் லீவ் போகப்போறாங்கன்னு வெச்சுக்குங்க. ஒரு நல்ல கேள்வித்தாள் அந்த 10ல 7 பேர பிடிக்குது, மிச்சம் 90 பேர்ல 20 பேர தப்பா பிடிக்குது. லிஸ்ட்ல 27 பேர், அதுல 20 பேர் எங்கயும் போகப் போறதில்ல. உதவி பண்ணத்தான் லிஸ்ட்னா பரவால்ல, அந்த 20 பேருக்கும் ஒரு பிசியோ, ஒரு நல்ல ஸ்டூல் கெடச்சதுல நஷ்டம் ஒண்ணும் இல்ல. இன்க்ரிமென்ட் கட், கான்ட்ராக்ட் ரினியூ இல்லன்னு போனா 20 பேர் வயித்துல அடிக்கிறீங்க, அதோட அடுத்த வருஷம் ஒருத்தர் கூட உண்மைய எழுத மாட்டாங்க, எல்லாரும் 10க்கு 10 போட்டுட்டுப் போவாங்க.

அதனால பேர் போட்ட பேப்பர் டாக்டர்கிட்டயே இருக்கட்டும். உங்க கைக்கும் எம்.டி கைக்கும் லைன் வாரியா மொத்தம் மட்டும் வரட்டும், ஒரு லைன்ல அஞ்சாறு பேர்தான்னா அதையும் பிரிச்சுக் காட்டக்கூடாது, யாருன்னு உடனே தெரிஞ்சிடும். லண்டன்ல அரசு ஊழியர்கள் 10,308 பேர வெச்சு 1985ல வைட்ஹால் இரண்டாவது ஆய்வுன்னு ஆரம்பிச்சாங்க, அதுல கீழ்மட்ட வேலைல இருக்குறவங்களுக்கும், தன் வேலைய எப்படி செய்யறதுன்னு முடிவெடுக்க உரிமை இல்லாதவங்களுக்கும் சிக் லீவ் அதிகமா இருந்துச்சு. ஒரே லைன்ல இருந்து நிறைய பேர் போறாங்கன்னா அந்த லைன்ல நின்னு பாருங்க சார், யாரு தூக்குறா, யாரு தொடர்ந்து நைட் பாக்குறா, யாரு அங்க கத்துறா. போனவங்களுக்கு முதல் வாரத்துலயே ஒரு போன் போடுங்க, "எப்போ வருவ"ன்னு கேக்க இல்ல, "எப்படி இருக்க, சாப்டியா"ன்னு கேக்க. மாசக்கணக்குல வீட்ல இருந்துட்டா திரும்பி வர்றதே குதிரைக்கொம்பாயிடும், அதனால அந்த முதல் சில வாரத்த விட்டுடாதீங்க.

கேள்வி: வணக்கம் டாக்டர். வயசு 41, ஆவடிப் பக்கம் ஒரு கம்பெனில மெஷின் ஆபரேட்டர். டிஸ்க் ப்ராப்ளம்னு சொல்லிட்டாங்க. கம்பெனில வலி பத்தி ஒரு ஃபார்ம் குடுத்து ஃபில் பண்ணச் சொல்றாங்க. உண்மைய எழுதுனா வேலைய விட்டுத் தூக்கிடுவாங்களோன்னு வீட்டுக்காரம்மா பயப்படுறா. பொய் எழுதிடவா?
- ஒரு வாசகர், ஆவடி

பதில்: தம்பி, பயம் நியாயமானதுதான். எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க: இந்த ஃபார்ம் யார் கைக்குப் போகுது? டாக்டர்கிட்டயே இருக்கும்னு எழுத்துல குடுத்தா உண்மைய எழுதுங்க, பொய் எழுதுனா உங்களுக்கு வரவேண்டிய லைட் டூட்டியும் வராது. ஹெச்.ஆர்தான் படிப்பார்னா, "வலி விவரத்த டாக்டர்கிட்ட நேர்ல சொல்லிக்கறேன்"னு மரியாதையா எழுதிக் குடுத்துடுங்க, அது பொய் இல்ல.

சம்பளம் 21,000க்குள்ளன்னா உங்களுக்கு ஈஎஸ்ஐ இருக்கும், ஸ்லிப்புல 0.75 சதவீதம் பிடிக்கிறாங்களான்னு பாருங்க. 6 மாச கணக்குல 78 நாளுக்குப் பணம் கட்டியிருந்தா, டாக்டர் லீவ் சர்டிஃபிகேட் குடுக்குற நாளுக்கு சம்பளத்துல 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கெடைக்கும். இது நிறைய பேருக்குத் தெரியும். தெரியாதது என்னன்னா, நீடிச்ச நோய்ன்னு 34 நோய் லிஸ்ட்ல இருக்கு, டிபி, கேன்சர், இதய நோய், சில மனநோய், அதோட டிஸ்க் பிதுக்கமும் அதுல உண்டு. 2 வருஷம் தொடர்ந்து வேலைல இருந்து, முந்தின நாலு 6 மாச கணக்குல மொத்தம் 156 நாளுக்குப் பணம் கட்டியிருந்தா 80 சதவீதம், 2 வருஷம் வரைக்கும் நீட்டிக்கலாம். அந்த உதவித்தொகை வாங்கிட்டு இருக்குற காலத்துல உங்கள டிஸ்மிஸ் பண்றதுக்கும் ஈஎஸ்ஐ சட்டத்துல தடை இருந்துச்சு, இப்போ அது எப்படின்னு ஈஎஸ்ஐ ஆபீஸ்ல கேட்டுக்குங்க. நேரா உங்க ஈஎஸ்ஐ டிஸ்பென்சரிக்குப் போங்க, அங்க இருந்து அயனாவரமோ கே.கே.நகரோ ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுப்பாங்க. தனியார் டாக்டர் சீட்டு மட்டும் வெச்சுக்கிட்டு வீட்ல படுத்துடாதீங்க, அப்படிப் படுத்துட்டுப் பணத்த விட்டவங்க நிறைய. முழுசா படுத்தே இருக்காம, டாக்டர் சொன்ன அளவுக்கு நடங்க.

கேள்வி: தி.நகர்ல துணிக்கடைல சேல்ஸ் கேர்ள். காலைல இருந்து ராத்திரி வரைக்கும் நிக்கணும், கால் வீங்கிடுது, நரம்பு முடிச்சு போட்டிருக்கு. என்கூட வேலை பாத்த அக்கா இப்படியே இருந்து வேலையவே விட்டுட்டாங்க. எனக்கும் அப்படி ஆயிடுமா?
- வாசகி, தி.நகர்

பதில்: ஆகாம தடுக்கலாம்மா. 2021லயே தமிழ்நாட்டுல கடை ஊழியர்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு சட்டத்த திருத்திட்டாங்க, வேலைக்கு நடுவுல நேரம் கெடைக்கும்போது நீங்க உக்காரலாம், அது உங்க உரிமை. கடைல நாலஞ்சு பேரா சேர்ந்து ஃப்ளோர் மேனேஜர்கிட்ட கேளுங்க, தனியா கேட்டா உங்கள மட்டும் முறைப்பாங்க. தரலன்னா தொழிலாளர் துறைல மனு குடுக்கலாம். நரம்பு முடிச்ச ஒரு சர்ஜன்கிட்ட காட்டுங்க, இறுக்கமான காலுறை எந்த அளவுல போடணும்னு அவர்தான் சொல்லணும், கடைல பாத்து நீங்களா வாங்காதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா, லீவ் கெடைக்குமான்னு யோசிச்சுட்டு நிக்காம அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.