மேல் சேர்வர் மட்டும் சூடாகி நிற்பது பற்றி

றாக்கில் (சேர்வர்களை அடுக்கி வைக்கும் சட்டகம்) மேலே உள்ள சேர்வர் மட்டும் பிற்பகலில் சூடாகி நின்றுபோகிறது, ஏசியை இன்னும் இறக்குவதா, ஜன்னலைத் திறப்பதா என்று கேட்டிருந்தீர்கள். ஏசியை 18 பாகைக்கும் கீழே இறக்க வேண்டாம், பயனில்லை. முதலில் றாக்கின் நடுவில் வெறுமையாக விட்டிருக்கும் நாலு யூ (றாக்கின் உயரத்தை அளக்கும் அலகு) இடத்தை முன்பக்கமாக மூடுங்கள்.

கீழே உள்ளவை ஒழுங்காக ஓட, மேலே உள்ளது மட்டும் பிற்பகலில் நின்றுபோகிறது என்றால், பெரும்பாலும் குளிர் போதாத பிரச்சினை இல்லை. பின்னால் வெளியேறும் சூட்டுக்காற்று அந்த இடைவெளியால் முன்னுக்குத் திரும்பி மேலே எழும்புகிறது. மேல் சேர்வர் அதைத்தான் இழுக்கிறது.

சோதிக்க, சேர்வரோடு வரும் கண்காணிப்பு வசதியில் (டெல் என்றால் ஐடிராக், எச்பி என்றால் ஐஎல்ஓ) உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு, காட்போட் மட்டையால் இடைவெளியை மூடி, அதே பிற்பகல் நேரத்தில் திரும்பப் பாருங்கள். உள்ளிழுக்கும் காற்றுக்கு ஆஷ்ரே (குளிரூட்டல் துறைப் பொறியியலாளர் சங்கம்) பரிந்துரைப்பது 18 முதல் 27 பாகை செல்சியஸ். மூடிய பிறகு வெப்பநிலை இறங்கினால் பிளாங்கிங் பெனல் (றாக்கின் வெற்றிடத்தை மூடும் தகடு) வாங்கிப் பூட்டுங்கள். மட்டையை அப்படியே விட்டுவிடாதீர்கள், அது தீப்பற்றும். இறங்காவிட்டால் அந்த சேர்வரின் விசிறிகளையும் தூசியையும் பார்க்க வேண்டும்.

ஜன்னலைத் திறந்துவிடும் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடுங்கள். திருகோணமலையில், அதுவும் உட்துறைமுக வீதிப் பக்கம், வருவது உப்புக்காற்று. சேர்வரைத் தாங்கும் றெயில்களின் திருகுகளில் வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அரிப்பு ஏற்கனவே தொடங்கிவிட்டது, மெமரி, பவர் சப்ளை இணைப்புகளையும் கழற்றிப் பார்ப்பது நல்லது.