நைலான் கம்பி கிட்டாருக்குக் குறைந்த செலவில் ஒலிபெருக்கம்: கேள்வி பதில்

கேள்வி: எலக்ட்ரிக் கிட்டார் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் கருவி) ஒன்று சும்மா கிடக்கிறது. அதைக் கிளாசிக்கல் கிட்டாரில் மாட்டலாமா அண்ணா?

பதில்: மாட்டலாம், சத்தம்தான் வராது. காந்தச் சுருளின் மேல் இரும்புக் கம்பி அதிர்ந்தால்தான் அதில் சிக்னல் பிறக்கும். நைலானுக்கு அந்தக் குணம் கிடையாது. பாஸ் கம்பிகளில் சுற்றியிருப்பதும் பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய செம்பு. உங்களுக்குப் பியசோ (மரத்தின் அதிர்வை மின் சிக்னலாக்கும் வில்லை அல்லது பட்டை) அல்லது மைக்தான் வழி.

கேள்வி: சில நூறு ரூபாய்க்கு ஒட்டும் பியசோ வாங்கி நேராக மிக்ஸரில் சொருகினேன். தகர டப்பா சத்தம். ஏமாந்துவிட்டேனா சார்?

பதில்: பியசோ மேல் பழி போடாதீர்கள். மின்சுற்றில் அது ஒரு சின்னக் கெப்பாசிட்டர் (மின்தேக்கி). வில்லை வகை சுமார் 20 நானோஃபாரட் இருக்கும். மிக்ஸரின் லைன் இன்புட் மின்தடை 10 கிலோஓம் என்றால், 800 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் தேய ஆரம்பித்துவிடும். முதல் கம்பியின் 12ஆம் ஃபிரெட் ஸ்வரமே 659 ஹெர்ட்ஸ்தான். ஆறாவது கம்பி 82. அப்புறம் பாஸ் எங்கிருந்து வரும்? அதே பியசோவை 1 மெகாஓம் இன்புட் மின்தடை உள்ள ப்ரீஆம்பில் (சிக்னலை முதலில் வாங்கிப் பெருக்கும் சின்னக் கருவி) கொடுத்தால் இந்தத் தேய்மானம் 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கிட்டாரை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸ் வாங்குவதானால் ஆக்டிவ் வகையாக (மின்சாரத்தில் இயங்குவது) பாருங்கள். பாஸிவ் மலிவுதான், ஆனால் பியசோவுக்கு அதன் இன்புட் மின்தடை போதாது. பட்ஜெட் சிறியது என்றால் பிக்கப்பில் மிச்சம் பிடித்து ப்ரீஆம்பில் போடுங்கள் என்றே சொல்வேன்.

கேள்வி: எங்கே ஒட்டுவது?

பதில்: பிரிட்ஜுக்குப் பக்கத்தில். ஒரு விரல் அளவு நகர்த்தினாலும் தொனி மாறும். ஒட்டிப் பார்த்து, வாசித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். பிரெஞ்சு பாலிஷ் செய்த கிட்டார் என்றால் பசை மேற்பூச்சையே கெடுத்துவிடும்; ஜாக்கிரதை.

கேள்வி: கல்யாண மண்டபத்தில் வால்யூம் ஏற்றினால் 'ஊம்' என்று ஊளையிடுகிறது. மைக் செட்காரர் கிட்டாரைக் குறை சொல்கிறார்.

பதில்: அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்று 100 ஹெர்ட்ஸ் வாக்கில் தானாகவே அதிரும். ஸ்பீக்கர் சத்தம் அதைத் தூண்ட, அது மறுபடி பிக்கப்புக்குப் போகிறது. ஸ்பீக்கரை உங்களுக்கு முன்னால் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ப்ரீஆம்பில் ஃபேஸ் பொத்தான் (சிக்னலைத் தலைகீழாக்குவது) இருந்தால் மாற்றிப் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் பக்கம் ஈக்யூவை (தொனிக் கட்டுப்பாடு) குறையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஒலித்துளைக்கு ரப்பர் மூடி போடலாம்.

கேள்வி: சர்ச்சில் தனியாக வாசிக்கிறேன். மைக் மட்டும் போதுமா?

பதில்: அமைதியான இடம், டிரம்ஸ் இல்லை என்றால் மைக்தான் அழகு. கழுத்து உடலைச் சேரும் 12ஆம் ஃபிரெட்டை நோக்கி, 20 முதல் 30 செ.மீ. தள்ளி வையுங்கள். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் குமுறும்.

கேள்வி: வீட்டில் எலக்ட்ரிக் கிட்டார் ஆம்ப் இருக்கிறது, போதாதா?

பதில்: அதில் ட்வீட்டர் (உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர்) கிடையாது, நகத்தின் மினுக்கு அமுங்கிப்போகும். பழைய கீபோர்டு ஆம்ப் கிடைத்தால் விடாதீர்கள்.

கேள்வி: கிளாசிக்கல் கிட்டார் மேதை செகோவியா ஒலிபெருக்கியே வேண்டாம் என்றாராமே?

பதில்: ஆமாம். இன்னொரு கிளாசிக்கல் கிட்டார் கலைஞர் ஜான் வில்லியம்ஸ் அதை ஒளிவுமறைவில்லாமல் பயன்படுத்தினார். மண்டபத்தில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்றால் நான் வில்லியம்ஸ் கட்சி.