18 கிராம் கஞ்சா கேஸ்: "சட்டம் மாறிடுச்சு"ன்னு சொல்லி 35 ஆயிரம் கேக்குறாங்க, குடுக்கலாமா?

கேள்வி: சார், நாங்க கொருக்குப்பேட்டை. என் தம்பிக்கு 22 வயசு, கன்டெய்னர் யார்டுல வேலை. போன மாசம் பேசின் பிரிட்ஜ் பக்கம் பைக்க நிறுத்தி செக் பண்ணப்ப பேன்ட் பாக்கெட்ல கஞ்சா பொட்டலம் இருந்துச்சு, 18 கிராம்னு எழுதியிருக்காங்க. அன்னைக்கு ராத்திரியே ஸ்டேஷன் பெயில்ல விட்டுட்டாங்க. எங்க ஏரியா அண்ணன் ஒருத்தர், "கொஞ்சமா வச்சிருந்தா குத்தம் இல்லன்னு சட்டம் மாறிடுச்சு, 35 ஆயிரம் குடுங்க, கோர்ட்ல ஒத்துக்கிட்டு சின்னதா ஃபைன் கட்டினா அன்னைக்கே முடிஞ்சிடும்"ங்கறார். தம்பிக்கு கப்பல் வேலைக்கு போகணும்னு ஆசை. குடுக்கலாமா?

பதில்:

குடுக்காதம்மா. சட்டம் எதுவும் மாறல. அந்த அண்ணன் சொன்னதுல பாதி வாட்ஸ்அப், மீதி வியாபாரம்.

இந்தப் பேச்சு எங்கேந்து கிளம்புச்சுன்னு சொல்றேன். 2021 அக்டோபர்ல மும்பை கப்பல் பார்ட்டி போதை கேஸ் ஊரே பேசிட்டு இருந்தப்ப, சொந்த உபயோகத்துக்கு கொஞ்சமா வச்சிருந்து மாட்டுறவங்கள ஜெயிலுக்கு அனுப்பாம சிகிச்சைக்கு அனுப்பலாம்னு மத்திய சமூக நீதி அமைச்சகம் சிபாரிசு பண்ணதா பேப்பர்ல வந்துச்சு. சிபாரிசு, அவ்வளவுதான். அதே வருஷம் டிசம்பர்ல பார்லிமென்ட்ல போதைப்பொருள் சட்டத்துக்கு ஒரு திருத்தமும் வந்துச்சு, உடனே எல்லாரும் இதான் அதுன்னு நெனச்சுட்டாங்க. அது என்ன திருத்தம் தெரியுமா, 2014ல திருத்துனப்ப ஒரு பிரிவோட நம்பர் மாறிப்போச்சு, இன்னொரு பிரிவுல பழைய நம்பரே நின்னுபோச்சு, அத சரி பண்ணது. ஒரு நம்பர சரி பண்ண ஏழு வருஷம்! இவங்க எப்ப பெரிய மாத்தம் கொண்டு வந்து எப்ப உன் தம்பி தப்பிக்கறது?

ஜெர்மனில 2024லேந்து பெரியவங்க 25 கிராம் வரைக்கும் கையில வச்சிக்கலாம், போர்ச்சுகல்ல 2001லேந்தே கொஞ்சமா வச்சிருந்தா கோர்ட்டுக்கு போகாம ஒரு கமிஷன் முன்னாடி போய் உக்காந்தா போதும். எல்லாம் உண்மைதான். அந்த வீடியோவெல்லாம் பாத்துட்டு நம்ம பசங்க பாக்கெட்ல போட்டுட்டு சுத்துறானுங்க. இங்க 1985ல வந்த போதைப்பொருள் சட்டம்தான் ஓடுது. அதுல கஞ்சான்னா ஒரு கிலோவுக்குள்ள சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல போனா வியாபார அளவு. சிறிய அளவுன்னா குத்தம் இல்லன்னு அர்த்தம் கிடையாது, தண்டனை கம்மி, அவ்ளோதான். ஒரு வருஷம் வரைக்கும் கடுங்காவல், இல்ல பத்தாயிரம் வரைக்கும் ஃபைன், இல்ல ரெண்டும். முன்னாடி இது ஆறு மாசமா இருந்துச்சு, 2014ல தான் ஒரு வருஷம் ஆக்குனாங்க. ஊரெல்லாம் குறைக்கணும்னு பேசிட்டு இருக்கு, நம்மாளுங்க ஏத்தி வச்சிருக்காங்க.

சரி, இப்ப அந்த 35 ஆயிரத்துக்கு வரேன். ஏன்னா எனக்கு கோவம் வர்ற இடம் இதான்.

கணக்கு போட்டு பாரும்மா. சட்டத்துல இருக்கிற அதிகபட்ச ஃபைனே பத்தாயிரம். மீதி 25 யாருக்கு? "ஐயாவுக்கு குடுக்கணும், எழுதறவருக்கு குடுக்கணும்"பான், யார் கைக்கும் போவாது, அவன் வண்டி டியூவுக்கு போவும். கோர்ட் வாசல் டீக்கடையில வெள்ளை சட்டையும் கக்கத்துல ஒரு ஃபைலுமா நிப்பாங்க, ஃபைலுக்குள்ள பாத்தா நாலு வெத்து பேப்பரும் யாரோட ஆதார் ஜெராக்ஸோ இருக்கும். வக்கீல்னு வாயால சொல்ல மாட்டான், நம்மளா நெனச்சுக்கணும். என்ரோல்மென்ட் நம்பர் என்னன்னு கேளு, அடுத்த நிமிஷம் போன் பேசுற மாதிரி எழுந்து போயிடுவான். காசு வாங்குனதுக்கு ரசீது தரமாட்டேங்கறவன் கிட்ட பத்து ரூபா கூட குடுக்காதீங்க.

காசு போறதுகூட பரவால்ல, அதவிட மோசம் அந்த "ஒத்துக்கோ". பையன் கூண்டுல ஏறி ஆமாங்கன்னு சொல்றான், ஃபைன் கட்டிட்டு பிரியாணி சாப்டுட்டு வீட்டுக்கு வந்துடறாங்க, கேஸ் முடிஞ்சுதுன்னு நிம்மதி. முடிஞ்சது கேஸ் தான், பேர் குற்றவாளின்னு ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சே. நாளைக்கு கப்பல் கம்பெனிக்காரன் போலீஸ் சர்டிஃபிகேட் கேப்பான், அப்ப இந்த அண்ணன் போன் எடுக்க மாட்டார். இன்னொரு தடவ இதே மாதிரி மாட்டுனா தண்டனை ஒன்றரை மடங்கு வரைக்கும் போகும்னு சட்டத்துலயே இருக்கு. லேப் ரிப்போர்ட் வரதுக்கு முன்னாடியே ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டுன பசங்கள நானே பாத்திருக்கேன், பொட்டலத்துல இருந்தது கஞ்சாவா வெறும் இலையா விதையான்னு கூட எவனும் பாக்கல. பூ இல்லாத வெறும் இலையும் விதையும் சட்டப்படி கஞ்சாவே இல்ல, இது எத்தன பேருக்கு தெரியும்?

அதனால சம்மன் வந்தா ஒழுங்கா போய் ஆஜராகணும், ஆனா எதையும் ஒத்துக்க வேணாம். குற்றப்பத்திரிகை, மகஜர் (பொட்டலத்த கைப்பற்றுனப்ப போலீஸ் எழுதுன பேப்பர்), லேப் ரிப்போர்ட் காப்பி எல்லாம் காசில்லாம கோர்ட்டே தரணும். பாக்கெட்ல கை விட்டு எடுத்திருக்காங்கங்கறதால 50வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சோதனை போடறதுக்கு முன்னாடி மாஜிஸ்ட்ரேட் இல்லன்னா கெஜட்டட் ஆபீசர் முன்னாடி போடச் சொல்லி கேக்கற உரிமைய அவனுக்கு சொன்னாங்களான்னு உங்க வக்கீல் பாத்துப்பார். வக்கீலுக்கு காசில்லன்னா 15100க்கு போன் பண்ணு, இலவச சட்ட உதவி. அங்க வர்ற வக்கீல் எல்லாம் சுமார்தான்னு சொல்றவங்க பேச்ச கேக்காத, டீக்கடை அண்ணனவிட ஆயிரம் மடங்கு மேல்.

இப்ப நான் சொல்லப்போறத நிதானமா படி, தேவைன்னா ரெண்டு தடவ படி. யாரும் சொல்லித் தராத வழி இது. அதே சட்டத்துல 64ஏ ன்னு ஒரு பிரிவு இருக்கு. போதைக்கு அடிமையான ஒருத்தர் மேல சிறிய அளவு கேஸ் இருந்து, அவரா விருப்பப்பட்டு, அரசாங்கம் நடத்துற இல்ல அரசாங்கம் அங்கீகாரம் குடுத்த ஆஸ்பத்திரில போதை மறுவாழ்வு சிகிச்சை எடுத்துக்கிட்டா, அந்த கேஸ்ல அவர் மேல வழக்கு நடத்தக்கூடாது. அதாவது எல்லாரும் வரணும் வரணும்னு டிவில கத்திட்டு இருக்காங்களே, அந்த மாதிரி ஒரு ஏற்பாடு ஏற்கனவே புத்தகத்துல தூங்கிட்டு இருக்கு. அத எழுப்பத்தான் ஆளில்ல.

இதுல மூணு இடத்துல வழுக்கும். "அடிமையானவர்"னு தான் சட்டம் சொல்லுது. தினமும் அடிக்காம தூக்கம் வராதவனுக்கு கதவு திறக்கும், ஃப்ரெண்டு பர்த்டேக்கு ஒரு இழுப்பு இழுத்தவனுக்கு திறக்காது. கம்மியா தப்பு பண்ணவன் கோர்ட்ல நிக்கணும், அதிகமா மூழ்கினவன் வெளிய போலாம். கேட்டா சட்டம் அப்படித்தான். உன் தம்பி எந்த வகைன்னு நீயோ நானோ முடிவு பண்ண முடியாது, மனநல டாக்டர் பாத்து எழுதணும். அடுத்தது, "விருப்பப்பட்டு". நீ கைய பிடிச்சு இழுத்துட்டு போய் சேத்தா அது விருப்பம் ஆகாது, அவன்கிட்ட உக்காந்து பேசு. மூணாவது, சிகிச்சைய முழுசா முடிக்கணும். பாதில ஓடி வந்துட்டா குடுத்த பாதுகாப்ப திரும்ப எடுத்துக்கலாம், கேஸ் மறுபடி உயிரோட எழுந்து வரும்.

எங்க போறது? உங்களுக்கு பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி, மனநல பிரிவு ஓ.பி.ல சீட்டு வாங்கி காட்டு, இல்ல கீழ்ப்பாக்கம் மனநல காப்பகத்துல போதை மறுவாழ்வு வார்டே இருக்கு. ஓ.பி. சீட்டு, டாக்டர் எழுதுனது, மாத்திர சீட்டு, டிஸ்சார்ஜ் பேப்பர் ஒண்ணு விடாம ஃபைல் போட்டு வை, அதெல்லாம் வச்சுதான் வக்கீல் மனு போடுவார். இங்கயும் ஒரு கூட்டம் சுத்துது. "சேரவே வேணாம், 15 ஆயிரத்துக்கு சிகிச்சை முடிஞ்ச சர்டிஃபிகேட் தரேன்"னு தனியார் சென்டர் பேர சொல்லி வருவான். பொய் சர்டிஃபிகேட்ட கோர்ட்ல நீட்டுனா 18 கிராம் கேஸ் போய் ஃபோர்ஜரி கேஸ் ஆயிடும். வேற சில இடத்துல நிஜமாவே சேத்துக்குவானுங்க, சேத்துட்டு பையன கட்டிப்போட்டு அடிப்பானுங்க. லைசென்ஸ் காட்டாத சென்டர் வாசல மிதிக்காத. சந்தேகம்னா 14446க்கு போன் பண்ணு, போதை மறுவாழ்வுக்கான இலவச நம்பர்.

என்னை கேட்டா சிறிய அளவுக்கு கேஸே வேணாம், நேரா ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்னு தான் சொல்வேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு அம்மாங்க என்மேல கோவப்படுவாங்க, தெருமுனையில விக்கறத பாத்து வயிறெரிஞ்சவங்க அவங்க, அந்த கோவத்துல நியாயம் இருக்கு. ஆனா ரயில்ல மூட்ட மூட்டையா ஏத்தி அனுப்புறவன் ஊர்லயே இருக்கான், பாக்கெட்ல பொட்டலம் வச்சிருக்கிறவன் தான் பேசின் பிரிட்ஜ்ல நிக்கறான்.

பாஸ்போர்ட் பத்தி ஒரு வார்த்தை. கேஸ் நடந்துட்டு இருக்கறப்ப அப்ளை பண்ணா கோர்ட் பர்மிஷன் வேணும், ஃபார்ம்ல கேஸ் இல்லன்னு மட்டும் எழுதிடாதீங்க. கப்பல் கம்பெனில போதை டெஸ்டும் எடுப்பாங்க, அதனால எப்படி பாத்தாலும் தம்பி முதல்ல போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு தான். காலைல ஏழு ஏழரைக்கே ஓ.பி. லைன்ல நில்லுங்க, லேட்டா போனா சீட்டு கிடைக்காம திரும்பி வரணும்.